'குடும்பமே' அணியின் குரல்

மன்றத்தில் பொன்னாடை ஒன்றுதான் இருந்தது. அதனால் விசாரணை தொடங்கும் முன்பே ஜெபஸ்டின் எல்லோரிடமும் சொல்லிவிடுவான்.

"தீர்ப்பு முடிஞ்சதும் போத்துவேன். போட்டோ எடுத்ததும் மடிச்சுக் குடுத்துரணும். போன வாரம் ஒருத்தரு போத்திக்கிட்டே பஸ் ஏறிட்டாரு. பின்னாலயே ஓடி வாங்கியாந்தேன்."

உலகேஸ்வரி தலையாட்டினாள். அவள் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பொன்னாடை கிடந்தது. எல்லாம் பட்டிமன்ற மேடைகளில் அவள் கணவர் இசக்கிமுத்துவுக்குப் போர்த்தியவை. அவர் பகலில் அஞ்சலகக் குமாஸ்தா. கோயில் கொடை, கல்லூரி விழா, பொங்கல் என்று மேடை போட்டால் 'நகைச்சுவைத் தென்றல்'. அந்தத் தென்றல் இப்போது அவள் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. மூன்று மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வூதியத்தையும் வீட்டையும் சேர்த்துப் போட்டாலும் அவர்களால் அது முடியாது. மாற்ற ஆஸ்பத்திரி தயார், டாக்டர் தயார், வால்வுகூடக் கண்ணாடி அலமாரியில் தயாராக இருந்தது. அரசு செலவில் மாற்றலாம் என்று இந்த மன்றம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முறை வருவதற்கே ஐந்து வாரம் போய்விட்டது.

ஒருவனுக்கு நோய் வந்தால் பார்ப்பது அரசின் கடமையா, குடும்பத்தின் கடமையா என்ற கேள்வி அதற்கு முன்பு மூன்று தேர்தல்களைத் தின்றிருந்தது. எல்லாருக்கும் எல்லா வைத்தியமும் அரசு செலவில் என்று ஒரு கட்சி ஊர்வலம் போனது. அப்படிச் செய்தால் ஜனங்கள் பொறுப்பில்லாமல் நோய்வாய்ப்படுவார்கள் என்று இன்னொரு கட்சி ஊர்வலம் போனது. இரண்டு ஊர்வலத்திலும் வெயிலில் மயங்கி விழுந்தவர்களை யார் செலவில் பார்ப்பது என்று அங்கேயே கைகலப்பு ஆனது. கடைசியில் ஒரு நீதிமன்றம், ஒவ்வொரு நோயாளியின் கோரிக்கையிலும் இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு முடிவெடுங்கள் என்றது. கேட்பதற்கு ஆள் இல்லை. எந்திரத்திடம் விட்டார்கள்.

எந்திரம் என்ன முறையில் கேட்பது என்று ஆராய ஒரு வல்லுநர் குழு பதினோரு நாடுகளைச் சுற்றிவிட்டு வந்தது. நம் மக்கள் இரண்டு பக்கத்தையும் முழுசாக உட்கார்ந்து கேட்பது பட்டிமன்றத்தில் மட்டுமே என்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பதினோரு நாடு தேவையில்லை, பக்கத்துத் தெருவே போதும் என்று இசக்கிமுத்து அன்றைக்குச் சொன்னார். நாற்பது வருடப் பட்டிமன்றப் பதிவுகளை எந்திரத்துக்கு ஊட்டினார்கள். 'அரசே' என்று வாதிட ஒரு குரல், 'குடும்பமே' என்று வாதிட ஒரு குரல், நடுவராக ஒரு குரல். தாலுகாவுக்கு ஒரு தீர்வு மன்றம். முறைக்காகக் காத்திருக்கும் நோயாளிகளே பார்வையாளர்கள். அவர்கள் கைதட்டுவதை அளக்கச் சுவரில் ஒரு கருவி.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் ஜெபஸ்டின். மேடையில் மூன்று ஒலிபெருக்கிகள் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. நடுநாற்காலிக்கு மட்டும் பூமாலை.

'அரசே' முதலில் பேசியது. சட்டம், புள்ளிவிவரம், வரி. யாரோ கொட்டாவி விட்டார்கள். அடுத்து 'குடும்பமே' தொண்டையைச் செருமியது.

"அன்பான நல்லமங்கலம் மக்களே, எல்லாரும் காப்பி குடிச்சிட்டீயளா?"

உலகேஸ்வரியின் கை, புருஷனின் கையைத் தேடிப் பிடித்தது. அது இசக்கிமுத்துவின் குரல். இப்போதைய குரல் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல்.

"என் குரலுல்லா," என்றார் இசக்கிமுத்து.

"மொழி வளத் திட்டம்னு கேசட்டெல்லாம் வாங்கிட்டுப் போனாங்களே," என்றாள் அவள். "பாரத்த வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னேன்."

"சான்றிதழ் குடுத்தான். அதுல நான் மயங்கிட்டேன்."

அந்தந்த வட்டாரத்து மக்களுக்குப் பழகிய குரலாக இருக்கட்டும் என்று எந்திரத்துக்கு அந்தந்த ஊர்ப் பேச்சாளரின் குரலைக் கொடுத்திருந்தார்கள். நல்லமங்கலத்துக்கு இவர் கிடைத்தார். குடும்பத்தின் பக்கம் பேச இவரை விட்டால் ஆளில்லை என்று அந்தக் காலத்தில் எல்லா நடுவர்களும் சொல்வார்கள்.

குரல் தொடர்ந்தது. "எனக்குத் தலவலின்னு வைங்க. என் பொண்டாட்டிகிட்டச் சொன்னா என்ன செய்வா? சுக்க ஒரசிப் பத்துப் போடுவா. அரசாங்கத்துக்கிட்டச் சொன்னா என்ன செய்யும்? சுக்குக்கு டெண்டர் விடும். டெண்டர் முடியுறதுக்குள்ள தலவலி போயிரும்."

அங்கே ஒரு நிறுத்தம். தண்ணீர் குடிக்கிற அளவு நேரம்.

"சில பேருக்குத் தலையே போயிரும்."

கூட்டம் சிரித்தது. குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் பாட்டில் ஆடும்படி சிரித்தான். இசக்கிமுத்துவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, உலகேஸ்வரி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"டைமிங் பாத்தியா உலகு," என்றார் மூச்சு திரும்பியதும்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டைமிங் அவருடையது. வாக்கியம் அவளுடையது. அவள் முப்பத்திரண்டு வருடம் கிளை நூலகர். நூலகத்தில் கழித்துப்போட்ட அட்டவணை அட்டைகளின் பின்பக்கத்தில்தான் அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பாள். எந்த அணி என்று மேடையேறும் வரை சொல்லமாட்டார்கள் என்பதால் இரண்டு பக்கமும் எழுதுவாள். குடும்பத்துக்குச் சிவப்பு மை, அரசுக்கு நீல மை. நடுவர்கள் அவரை எப்போதும் குடும்பத்தின் பக்கம் இழுத்துக்கொண்டதால் சிவப்பு அட்டைகள் ஊர் ஊராகப் போய் மூலை மடங்கின. நீல அட்டைகள் புதுசு குலையாமல் அலமாரியில் இருந்தன.

கோரிக்கையாளர் தரப்பில் மூன்று நிமிடம் பேசலாம் என்று விதி இருந்தது. உலகேஸ்வரி அதுவரை மேடையேறியதில்லை. எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். நீல அட்டை ஒன்று அவள் மனதில் எழுத்துப் பிசகாமல் நின்றது.

"சுக்கு ஒரசுறது நாந்தான்," என்றாள். "நாப்பது வருசமா ஒரசுதேன். இப்ப அந்தக் கைக்கே வாதம் வந்துட்டு. ஒரசுறவளுக்கு வலிச்சா யாரு ஒரசுவா? அதச் சொல்லாம இந்த அணி எறங்கிருச்சு. வீட்ல வெளக்கு வைக்கிறது நாங்கதான், இல்லங்கல. கரண்ட நாங்களா தயாரிக்கோம்? தண்ணி தெளிச்சுக் கோலம் போடுதோம். ஆத்த நாங்களா கொண்டாந்தோம்? சுக்குன்னா நான் ஒரசிப் போடுவேன். வால்வ எந்த அம்மியில அரைக்கச் சொல்லுதீய?"

குளுக்கோஸ்காரன் பாட்டிலை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தட்டினான். கைதட்டல் கருவியில் முள் எண்பத்தொன்றுக்குப் போய் நின்றது. அந்த மன்றத்தில் அதற்கு முன்பு அறுபதைத் தாண்டியதே இல்லை என்று ஜெபஸ்டின் பிறகு சொன்னான். இசக்கிமுத்து அவளை அப்படிப் பார்த்தார், முதல் தடவை பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

நடுவர் குரல் எழுந்தது. நடுவருக்கு மட்டும் எந்த ஊரும் இல்லாத, பன்னீர் தெளித்த தமிழ்.

"அவையோரே, எப்பேர்ப்பட்ட வாதம் கேட்டோம். இரு அணிகளும் சோடை போகவில்லை. அரசும் வேண்டும், குடும்பமும் வேண்டும். ஆனால் இந்த அவையில் நான் ஒரு காட்சியைக் கண்டேன். கணவர் இருமியபோது ஒரு முந்தானை எழுந்து அவர் நெற்றியைத் துடைத்தது. எந்த அரசுக்கு முந்தானை இருக்கிறது? அவருக்காக ஒரு குரல் எழுந்து இத்தனை அழகாகப் பேசியது. எந்த அலுவலகம் இப்படிப் பேசும்? இப்படி ஒரு துணைவி பக்கத்தில் இருக்கும்போது இந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்? அவர் ஏற்கெனவே அனைத்தும் பெற்றவர். நோயுற்றவரைத் தாங்குவது குடும்பமே, குடும்பமே, குடும்பமே என்று தீர்ப்பளித்து விடைபெறுகிறேன்."

கூட்டம் தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மறுக்கப்பட்டது தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உயிர் என்பது புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். மற்றவர்களிடம் இன்னும் கொஞ்சம் தட்டல் மிச்சமிருந்தது.

ஜெபஸ்டின் பொன்னாடை போர்த்தினான். இசக்கிமுத்து பழக்கத்தில் கைகூப்பி, புகைப்படத்துக்குச் சிரித்தார். உலகேஸ்வரி அதை மடித்துக் கொடுத்தாள்.

"மேல்முறையீடு?" என்று கேட்டாள்.

"தொண்ணூறு நாள் கழிச்சுப் போடலாம்க்கா."

அவர் எழுபத்தோராம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பேப்பர் படித்துக்கொண்டே இறந்துபோனார். அவள் உள்ளேயிருந்து "மோர் வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். டிரங்குப் பெட்டியிலிருந்து நல்ல பொன்னாடையாக ஒன்று எடுத்துப் போர்த்தினாள். அதைத் திருப்பிக் கேட்க யாரும் இல்லை.

கோரிக்கையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் வந்து கோரிக்கையை முடித்து வைக்க வேண்டும், தவறினால் குடும்பத்தின் அடுத்த கோரிக்கை ஏற்கப்படாது என்று கடிதம் வந்தது. குடும்பம் என்று அவள் ஒருத்திதான். ஆனாலும் போனாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, விசாரணை நாள். ஜெபஸ்டினின் மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கேட்டது.

"அன்பான நல்லமங்கலம் மக்களே, எல்லாரும் காப்பி குடிச்சிட்டீயளா?"

பேனா நின்றுவிட்டது. ஜெபஸ்டின் எழுந்து கதவைச் சாத்தப் போனான்.

"சாத்தாதீங்க தம்பி," என்றாள்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் அவர் மேடைக் குரல் ஒரு துளிகூட இல்லை. கேசட்டெல்லாம் திட்டத்துக்குப் போய்விட்டது. செல்போனில் இருந்ததெல்லாம் 'பால் வாங்கியாச்சா' என்கிற அளவில் இரண்டு மூன்று. இங்கே அவர் நாற்பது நிமிடம் பேசினார், குரல் கம்மாமல், மூச்சு வாங்காமல். அடுத்த செவ்வாயும் வந்தாள். அதற்கடுத்ததும்.

நாலாவது வாரம் ஜெபஸ்டின் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நாற்பது வயது, ஒப்பந்தப் பணியாளர். எந்திரத்தைத் துடைப்பது, பொன்னாடையைத் துவைப்பது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது எல்லாம் அவன்தான்.

"உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாவதுன்னா எந்த மன்றத்துல வரும்?" என்று கேட்டாள்.

"ஒப்பந்தப் பணியாளர் அரசா, குடும்பமான்னு தனி மன்றம் நடக்குக்கா. ஆறு வருசமா வாய்தா. அதனால காச்சல்கூட வராமப் பாத்துக்கிடுதேன்."

அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "அன்னைக்கு நான் நல்லாத்தான பேசுனேன்?"

அவன் டீயைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "நல்லாப் பேசுனதுதான் தப்பாப் போச்சு."

"என்ன சொல்லுதீய?"

"யக்கா, அந்த நடுவருக்கு என்ன ஊட்டியிருக்கான்? நாப்பது வருச மேடை. நீங்க எத்தன பட்டிமன்றம் கேட்டிருப்பீய. கடைசியில நடுவரு என்னத்தப் பாராட்டி முடிப்பாரு?"

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அம்மா. இல்லன்னா பொண்டாட்டி."

"என்னைக்காவது சுகாதாரத் துறையப் பாராட்டி முடிச்சு ஜனங்க அழுதிருக்கா? அந்த எந்திரத்துக்குத் தெரிஞ்ச ஒரே முடிவு அதான். கண்ணுல தண்ணி வரவைக்கணும். அதுக்குக் காமிரா இருக்கு, ஆளப் பாக்கும். கையப் புடிச்சிருக்காங்களா, தூக்குச் சட்டி கொண்டாந்திருக்காங்களா, மொகம் துடைக்காங்களான்னு தேடும். கெடச்சா அத வச்சுக் குடும்பமேன்னு முடிச்சிரும். ஒண்ணுமே கெடைக்கலன்னா வேற வழியில்லாம அரசேன்னு சொல்லும். ரெண்டு வருசமாப் பாக்கேன். சண்ட போட்டுக்கிட்டு வர்ற குடும்பம்லாம் செயிச்சிட்டுப் போவுது."

"இத மேல சொல்லலயா நீங்க?"

"சொன்னேன். ஆலோசனைக்கு நன்றின்னு பதில் வந்திச்சு."

உலகேஸ்வரி, அன்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்த கையை மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொண்டாள். மேடையில் அவள் புருஷன் சுக்குக்கு டெண்டர் விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் அவள் கடைசி வரிசைக்குப் போகவில்லை. வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று வந்தவர்களைக் கேட்டாள். "இவரு யாரு, மகனா? அம்மா பக்கத்துல உக்காராதப்பா. நாலு நாற்காலி தள்ளி உக்காரு. செல்போன நோண்டு. அம்மா இருமுனாத் திரும்பாத."

"ஏன், என்ன விசயம்?"

"விசயம் பெறவு சொல்லுதேன். தூக்குச் சட்டிய எங்கிட்டக் குடு. மூணு நிமிசம் பேசச் சொன்னா என்ன பேசுவ?"

"எங்கம்மாதான் எனக்கு எல்லாம்னு…"

"அதச் சொன்னா முடிஞ்சிச்சு. வரச் சொன்னாங்க, வந்தேன்னு சொல்லிட்டு எறங்கு."

முதலில் அவளைக் கொஞ்சம் புத்தி கலங்கினவள் என்று நினைத்தார்கள். அந்த அம்மாவுக்கு 'அரசே' என்று தீர்ப்பு வந்ததும் பேச்சு பரவியது. விசாரணைக்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். சந்தையில் அவளைப் பார்த்தால், "யக்கா, என் வீட்டுக்காரரத் திட்டிப் பழகுதேன், சரியா வருதான்னு பாருங்க," என்று நடித்துக் காட்டினார்கள். சிலருக்கு அது நன்றாகவே வந்தது. சிரிப்புக்கும் கட்டுப்பாடு வைத்தாள். கூட்டம் கலகலப்பாக இருந்தால் நடுவருக்கு உற்சாகம் வந்துவிடும் என்று ஜெபஸ்டின் சொன்னதால், மன்றத்தில் எல்லாரும் வங்கியில் டோக்கன் போட்டு உட்கார்ந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். சுக்கு டெண்டருக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக் குரல் நிறுத்தி, காத்திருந்து, வெறும் நிசப்தத்துக்குள் "சில பேருக்குத் தலையே போயிரும்" என்று சொல்லும்போது உலகேஸ்வரி குனிந்து தூக்குச் சட்டிகளை நகர்த்தி வைப்பாள். வாழ்நாளில் அவர் ஒரு மேடையிலும் அப்படி ஏமாந்ததில்லை.

ஆறு மாதத்தில் மேலிடத்து அறிக்கை வந்தது. குடும்பப் பாசம் மிகக் குறைந்த தாலுகா நல்லமங்கலம் என்று கண்டறியப்பட்டிருந்தது. கவலையடைந்த அரசு, உறவு மேம்பாட்டு முகாம் ஒன்று நடத்தியது. கணவன் மனைவி கைகோத்து நடக்கும் போட்டி, மாமியார் மருமகள் ஊட்டிவிடும் போட்டி. காமிராவோடு வந்திருந்தார்கள். ஊரே போய், ஒருவரையொருவர் பாராமல், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பியது. அந்த முகாமுக்கு யார் செலவு என்று மட்டும் ஒரு மன்றமும் கேட்கவில்லை.

தொடர்ந்து பத்தொன்பதாவது தீர்ப்பும் 'அரசே' என்று வந்த அன்றைக்கு, ஜெபஸ்டின் ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றான். பொன்னாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்க்கா."

"சொல்லுங்க."

"குடும்பமே அணி தொடர்ந்து இருபது தோத்தா, அந்தக் குரல் ஜனங்களுக்குச் சலிச்சுப் போச்சுன்னு அர்த்தமாம். தானா மாத்திரும். வேற ஆளு குரல் வரும். பழசு அழிஞ்சிரும். இன்னிக்கோட பத்தொம்பது."

அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேசட்டு?"

"எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. இங்க ஓடுறதுதான் இருக்கு. பிரதி எடுக்க எனக்கு அனுமதி கெடையாது. செல்போன்ல பதிவு பண்ணியும் பாத்தேன், வெறும் இரைச்சல்தான் வருது." அவன் குரலைத் தாழ்த்தினான். "தொடர்ந்துன்னாதான் கணக்கு. நடுவுல அந்த அணி ஒண்ணு செயிச்சிட்டா மறுபடி முதல்லருந்து எண்ணும். நீங்க ஒரே ஒரு வாரம் வராம இருந்தாப் போதும். ஒரு கேஸ் போனாப் போவுது. இன்னும் நாலஞ்சு மாசம் அண்ணாச்சி பேசுவாரு."

அந்த வாரம் முழுக்க அவள் அதையே நினைத்தாள். ஒரு செவ்வாய் காய்ச்சல் வருவது பெரிய விஷயமா? அறுபத்தாறு வயதில் காய்ச்சலுக்கு யாரும் காரணம் கேட்கப் போவதில்லை. வீட்டில் இருந்தபடி இருந்தால் போதும். இல்லையென்றால் மன்றத்துக்கே போய், கடைசி வரிசையில், மற்றவர்களைப்போல் வாயை மூடிக்கொண்டு அவரைக் கேட்கலாம். அவள் யாரையும் கெடுக்கப் போவதில்லை. சொல்லாமல் இருக்கப் போகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு யார் வந்து சொன்னார்கள்?

செவ்வாய்க்கிழமை போனாள். ஸ்டூலை எடுக்கவில்லை. நேரே கடைசி வரிசைக்குப் போனாள்.

அன்றைக்கு ஒரே கோரிக்கை. தவசி என்று விசைத்தறிக்காரன், நாற்பது வயது இருக்கும், இரண்டு சிறுநீரகமும் போய் முகம் வீங்கி அதைத்திருந்தது. அவன் மனைவி செல்லக்கனி அவனுக்குக் கைத்தாங்கல் கொடுத்து முதல் வரிசைக்குக் கூட்டி வந்தாள். வெளியூர்க்காரர்கள், தறி வேலைக்காக இந்தத் தாலுகாவுக்குப் புதிதாக வந்தவர்கள், அதனால் விவரம் தெரியவில்லை. பார்வையாளர்கள் உலகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேடையைப் பார்த்தாள். அக்கா சொல்லாமல் எப்படி நாம் சொல்வது என்று அவர்களும் இருந்துவிட்டார்கள்.

செல்லக்கனி மடியிலிருந்த தூக்குச் சட்டியைத் திறந்து, கஞ்சியை மூடியில் ஊற்றி, ஊதினாள். தவசி வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவள் காதருகே ஏதோ சொன்னாள். அந்த அதைத்த முகத்தில் சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. மேலே காமிரா, எறும்பு ஊர்கிற வேகத்தில், அவர்கள் பக்கம் திரும்பியது.

"என்னடி சிரிக்க வைக்க. மூச்சு முட்டுது," என்றான் அவன்.

உலகேஸ்வரி எழுந்துவிட்டாள். முதல் வரிசைக்குப் போய், காமிராவை மறைத்து நின்றுகொண்டாள்.

"ஏ பிள்ள, கஞ்சிய மூடு," என்றாள். "மூடிட்டு எங்கூட வா."

"நீங்க யாரு?"

"இந்த மேடையில பேசுறவரோட பொண்டாட்டி. வா, வாசல்ல போயிச் சொல்லுதேன்."

வாசலில் அவள் பேசப் பேசச் செல்லக்கனியின் முகம் மாறியது. "ஒரு நாளும் அவரத் தள்ளி உக்காந்ததில்லம்மா," என்றாள்.

"இன்னிக்கு ஒரு மணி நேரம் உக்காரு. பெறவு ஆயுசுக்கும் பக்கத்துல உக்காரலாம்."

ஜெபஸ்டின் பொத்தானை அழுத்துமுன் உலகேஸ்வரியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"அன்பான நல்லமங்கலம் மக்களே, எல்லாரும் காப்பி குடிச்சிட்டீயளா?"

கடைசி வரிசையிலிருந்து, யாருக்கும் கேட்காமல், "குடிச்சாச்சு," என்றாள்.

அவர் பேசினார். அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். சுக்கு டெண்டர் வந்தது. நிறுத்தம் வந்தது. கூட்டம் கல்லாக இருந்தது. "சில பேருக்குத் தலையே போயிரும்." அன்றைக்கு ஒரே ஒருத்தி சிரித்தாள். திரும்பிப் பார்த்தவர்கள், பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

செல்லக்கனி ஆறு நாற்காலி தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மைக்கைக் கொடுத்ததும், "வரச் சொன்னாக, வந்தேன். எனக்கு வேல கெடக்கு," என்றாள். குரல் நடுங்கியது. கோபம் என்று எந்திரம் எடுத்துக்கொண்டது. நடுவர் அவையை இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார், ஒரு முந்தானையும் கிடைக்கவில்லை. "ஆதரவற்ற இந்த மனிதருக்கு அரசே, அரசே, அரசே," என்று குரல் தழுதழுக்க முடித்தார்.

ஜெபஸ்டின் பொன்னாடை போர்த்தினான். தவசி அதை மடித்துக் கொடுத்துவிட்டுத் தனியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே நடந்தான். செல்லக்கனி இருபது அடி பின்னால், தூக்குச் சட்டியை ஆட்டிக்கொண்டு, யாரோபோல் போனாள். மன்றத்துக் காமிரா தெருவில் மாவுமில் வரைக்கும் பார்க்கும். உலகேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். மாவுமில்லைத் தாண்டியதும் செல்லக்கனி ஓடினாள்.

அடுத்த செவ்வாய் உலகேஸ்வரி வழக்கம்போல் ஸ்டூலைப் போட்டு, வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, தூக்குச் சட்டிகளை வாங்கி வரிசையாக வைத்தாள். உள்ளே புதுக்குரல் தொடங்கியது. நல்ல குரல்தான், கணீரென்று இருந்தது. எந்த ஊர்க்காரரோ, அவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

சொற்கள் மாறவில்லை. சுக்கு வந்தது, டெண்டர் வந்தது, தலைவலி போனது. ஆனால் அந்த இடத்தில் நிற்காமல், ஒரே மூச்சில், தலையும் போய்விட்டது.

"டைமிங் இல்ல," என்றாள் உலகேஸ்வரி.

"என்னது பாட்டி?" என்றான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவன்.

"ஒண்ணுமில்லப்பா. நீ அம்மா கையை விடு."